அணைக்கிறது மட்டும் தீர்வா?

காட்டுத்தீன்னா ஹெலிகாப்டர் வரும், தண்ணி ஊத்தும், போட்டோ வரும். அடுத்த கோடையில மறுபடி எரியும். ஏன்னு யோசிச்சீங்களா தோழர்களே?

சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில், கோடைக்கு முன்பே சோளகர்கள் சருகுக்குச் சிறு தீ வைப்பார்கள். அது தரையோடு எரிந்து அடங்கிவிடும். காட்டைக் காக்கிறோம்னு அதைக் குற்றமாக்கினாங்க. விளைவு? சருகு சேர்ந்தது, உண்ணிச்செடி புதராய் மண்டியது. இன்று பிடிக்கும் தீ அந்தப் புதர் வழியா மரத்து உச்சிக்கே ஏறுது!

காட்டை நிர்வகிக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்திருக்கு. அதை அமல்படுத்துங்க! எங்கே, எப்போ, எவ்வளவு எரிக்கணும்னு வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து முடிவெடுக்கட்டும்.

ஹெலிகாப்டருக்குக் காசு இருக்கு. தீயை அறிந்தவன் பேச்சைக் கேட்க மனசு இல்லையா?

#சோளகர்_சொல்_கேள்