முதலில் ஆங்கிலம், பிறகுதான் கணினியா?

“இங்கிலீஷே இன்னும் சரியா வரல, அதுக்குள்ள கம்ப்யூட்டரா?” தமிழ்வழியில் படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றி இந்தக் கேள்வி வீட்டிலும் எழுகிறது, ஆசிரியர் அறையிலும் எழுகிறது. கேட்பவர்கள் பிள்ளையின் நலம் நாடுபவர்கள்தான். ஆனாலும் ஆங்கிலம் வந்த பிறகுதான் கணினி என்ற இந்த நம்பிக்கை தவறு. வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத பிள்ளைகள்தான் இதற்கு விலை கொடுக்கிறார்கள் என்பதால் இது அநீதியும்கூட.

வகுப்பறையில் இது என்ன செய்கிறது என்று பாருங்கள். பல தொடக்கப் பள்ளிகளில் கணினிப் பாடவேளை என்றால் சிபியு என்பதன் விரிவாக்கத்தை எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்வதும், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் படங்களுக்குக் கீழே பெயர் எழுதுவதும்தான். ஸ்பெல்லிங் தப்பினால் மார்க் போச்சு. நடப்பது ஆங்கில டிக்டேஷன். கணினி அறிவியல் அங்கே தொடங்கவே இல்லை. ஆங்கிலம் தெரிந்த பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயர் வாங்குகிறது. தெரியாத பிள்ளை ‘எனக்குக் கம்ப்யூட்டர் வராது’ என்று எட்டு வயதிலேயே முடிவு கட்டிக்கொள்கிறது.

ஒரு வேலையைச் சின்னப் படிகளாகப் பிரிப்பது, படிகளை வரிசைப்படுத்துவது, திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுகொள்வது, எங்கே நிறுத்துவது என்று சொல்வது, பிழையைத் தேடிப் பிடிப்பது. தொடக்க வகுப்புக் கணினி அறிவியலின் உயிர் இவ்வளவுதான். இதில் ஆங்கிலம் எங்கே வருகிறது?

மார்கழி மாதக் கோலப் புத்தகங்களில் ‘7 புள்ளி, 4 வரை, இடுக்குப் புள்ளி’ என்பது போல ஒரு குறிப்பு இருக்கும். நடு வரிசையில் ஏழு புள்ளி. அதற்கு மேல் இரண்டிரண்டு புள்ளிக்கு இடையில் ஒன்றாக ஆறு, அப்புறம் ஐந்து, அப்புறம் நான்கு. அதோடு நிறுத்த வேண்டும். கீழ்ப்பக்கமும் அப்படியே. மொத்தம் 37 புள்ளி. தொடங்கும் எண், சுற்றுக்கு ஒன்று குறைதல், நிற்க வேண்டிய இடம் என்று, நிரல் எழுதுபவர்கள் லூப் என்று சொல்வதற்கு வேண்டிய மூன்றும் இந்த அரை வரியில் இருக்கின்றன. ‘நாலு வரை’ என்றால் நாலும் சேர்த்தியா, சேர்த்தி இல்லையா என்று வகுப்பில் கேளுங்கள். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள். பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கும் கல்லூரி மாணவர்கள் தடுமாறும் இடமும் இதேதான். அங்கே ரேஞ்ச் என்ற கட்டளை கடைசி எண்ணைச் சேர்த்துக்கொள்ளாது. புள்ளி ஒன்று விட்டுப்போய்க் கம்பி சேராமல் நின்றால், எந்த வரிசையில் தப்பு நடந்தது என்று பின்னோக்கி எண்ணிப் பார்க்கும் சிறுமி செய்வது பிழைதிருத்தம்தான்.

கோலத்துக்கும் கணினிக்கும் நான் வலிந்து முடிச்சுப் போடவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களைக் கணினியியலின் வடிவ இலக்கணங்களால் விவரிக்கும் ஆய்வுக் கட்டுரையை 1974-லேயே வெளியிட்டார்கள்.

“கட்டளையெல்லாம் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது?” என்பார்கள். இன்றைய பைத்தானில் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தமே 35. தொடக்க நிலையில் பத்துப் பன்னிரண்டு போதும். சிறுவர்களுக்காக அமெரிக்காவின் எம்ஐடி 2007-இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் என்ற நிரல்மொழியை உலகின் பல மொழிகளில் பயன்படுத்தலாம். ஜப்பானியக் குழந்தைகளுக்கு, காஞ்சி என்ற கடினமான எழுத்து தெரியாவிட்டாலும் படிக்க முடியும்படி, ஹிராகனா என்ற எளிய எழுத்தில் தனிப் பதிப்பே உண்டு. தங்கள் மொழியிலேயே கடினமான எழுத்தைக்கூடக் குழந்தையின் குறுக்கே வைக்கக் கூடாது என்ற அக்கறை அது. சாயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாகோ ஹில்லும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்க்ராட்ச்சைத் தங்கள் நாட்டு மொழியில் பயன்படுத்தியவர்கள், அதே நாட்டில் ஆங்கிலத்தில் பயன்படுத்தியவர்களைவிட வேகமாகப் புதிய கட்டளைகளைக் கையாளத் தொடங்கியது தெரிந்தது.

எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே புத்தகம்தானே, இதில் என்ன அநீதி என்ற வாதமும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் சீனக் குழந்தைகள் தொடர்பான லாவ் எதிர் நிக்கோல்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-இல் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஆங்கிலம் புரியாத பிள்ளைக்கு அதே புத்தகத்தையும் அதே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது என்பதே அதன் சாரம்.

நாளைக்கு வேலைக்குப் போக ஆங்கிலம் வேண்டும். அதை யார் மறுத்தார்கள்? பிழைச் செய்திகளும் கையேடுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. நான் கேட்பது வரிசையை மாற்றச் சொல்லித்தான். கோலத்தைப் போட்டு முடித்த பிள்ளையிடம் ‘இதுக்குப் பேர்தான் லூப்’ என்று சொன்னால், அந்தச் சொல் மறக்காது. அர்த்தம் தெரியாமல் ஸ்பெல்லிங்கை நெட்டுருப் போட்ட பிள்ளைக்குப் பரீட்சையோடு அது போய்விடும்.

ஆசிரியர்களே, கணினி அறையில் பிள்ளைகள் தமிழில் பேசிக்கொண்டால் அதட்டாதீர்கள். ‘இந்தக் கட்டளை போட்டா என்ன நடக்கும், சொல்லு’ என்று தமிழில் கேளுங்கள், தமிழில் பதில் சொல்லவிடுங்கள். ஆங்கிலக் கட்டளையையும் அதன் பொருளையும் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். பிழைச் செய்தி வந்தால் கூடவே உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். யோசித்த விதத்துக்கு மார்க் போடுங்கள். கணினித் தாளில் ஸ்பெல்லிங்குக்கு மார்க் குறைப்பதை இந்த ஆண்டே நிறுத்துங்கள்.