வேகக் கட்டுப்பாட்டை இழந்து…

“வேகக் கட்டுப்பாட்டை இழந்து விபத்துக்குள்ளானது.” முப்பது ஆண்டுகளாக இந்த வாக்கியத்தை எழுதியவன் நான். பொலிசார் சொன்னார்கள், எழுதினோம். வண்டியில் எத்தனை பேர் இருந்தனர், பாரம் எங்கே இருந்தது என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை. கலைப் பட்டதாரிக்கு இயந்திரவியல் எதற்கு என்ற இறுமாப்பு!

எங்கள் வீதிகளில் ஓடும் ஆட்டோவுக்கு இயந்திரம் பின்னால். உந்துவதும் பின்சக்கரங்களே. அவற்றைப் பாரம் அழுத்துவதால்தான் படுவான்கரையின் மணல் வழியிலும் அது ஏறிவிடுகிறது. இந்த ஒரு நன்மையைப் பிடித்துக்கொண்டு, “பின்னால் எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும்” என்கிறார்கள். தாங்கும் ஐயா, திரும்புமா? திசை மாற்றுவது முன்னாலுள்ள ஒற்றைச் சக்கரம். பின் அச்சுக்கு அப்பால் மீன்பெட்டியும் நெல்மூட்டையும் தொங்கினால் அவை நெம்புகோல் போல முன்சக்கரத்தைத் தூக்குகின்றன. மார்கழி மழையில் நனைந்த வீதியில் ஹான்டிலை வளைத்தாலும் வண்டி நேரே வழுக்கும். அதற்குப் பெரிய வேகம் தேவையில்லை.

முன்னால் பாரம் சேர்ப்போம் என்று சாரதியின் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளை இருத்துவது அதைவிடக் கொடுமை. இவ்வண்டியின் அகலமெல்லாம் பின்னால்தான். பாரம் முன்னே நகர நகர, வளைவில் கவிழ்வது எளிதாகும்.

1950இல் உற்பத்தி தொடங்கிய வொக்ஸ்வாகன் வானும் பின் இயந்திர வண்டிதான். ஆனால் சாரதி முன்சக்கரங்களின் மேல், இயந்திரம் பின்னால், சாமான் நடுவே. ஏற்றினாலும் இறக்கினாலும் இரு அச்சுகளுக்கும் பாரம் ஏறக்குறையச் சமமாகவே பிரியும். அப்படியிருந்தும் வளைவின் நடுவே அக்சிலேட்டரைத் திடீரென விட்டால் பின்பக்கம் வெளியே வீசக்கூடும். பின் டயர்களுக்குக் கூடுதல் காற்று அடிக்கச் சொன்னதும் காரணத்தோடுதான். நான்கு டயருக்கும் ஒரே காற்றை அடித்துவிட்டு வண்டியைப் பழித்தவர்களை நான் அறிவேன்.

2014இல் பாலம் திறக்கும்வரை மண்முனையில் ‘பாதை’யில்தான் வாவியைக் கடந்தோம். “எல்லாரும் ஒரு பக்கம் நிக்காதீங்க, நடுவுக்கு வாங்க” என்று பாதைக்காரர் அதட்டுவார். உத்தியோகத்தரும் வாய்பேசாது நகர்வார். நீரில் ஒப்புக்கொண்ட கணக்கைத் தரையில் ஏன் மறுக்கிறோம்? மூவருக்கான ஆட்டோவில் ஏழு பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோரே, உங்களைத்தான் கேட்கிறேன்.

இளம் நிருபர்களுக்கும் ஒன்று. அடுத்த விபத்தில், பாரம் எங்கே இருந்தது என்று கேட்டு ஒரு வரி எழுதுங்கள். இடமில்லை என்று ஆசிரியர் வெட்ட வந்தால், “வேகக் கட்டுப்பாட்டை இழந்து” என்பதை வெட்டச் சொல்லுங்கள்.