மரத்தை விற்க முதல் டேப்பை எடுப்போம்



நம்மூரில் ஒரு மஹோகனி மரம் எப்படி விலை போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மகளின் கலியாணத்துக்கு நாள் குறித்தாயிற்று, காசு போதவில்லை. மர முதலாளி வருகிறார், அண்ணாந்து பார்க்கிறார், ஒரு தொகை சொல்கிறார். நாமும் தலையாட்டுகிறோம். இருபது வருட மரம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

வெட்கம் என்னவென்றால், பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு உருளையின் கனவளவைப் படிப்பிப்பதும் நாம்தான். வளவில் நிற்கும் மரத்தை மட்டும் அளப்பதில்லை.

கணக்கு லேசானது. குற்றியின் நடுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். நாலால் பிரித்து, வந்ததை அதாலேயே பெருக்குங்கள். அதை 144ஆல் பிரித்து, நீளத்தை அடியில் வைத்துப் பெருக்கினால் கன அடி. சுற்றளவு 48 அங்குலம், நீளம் 20 அடி என்றால் 20 கன அடி. ஆனால் உருளைக் கணக்கில் அதே குற்றி 25 கன அடிக்கு மேல் வரும். அதாவது பட்டைக்கும் அரிவுக் கழிவுக்கும் என்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்கனவே விட்டுக்கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகும் "கழிவு போகும்" என்று விலையைக் குறைத்தால் நாம் ஏன் தலையாட்ட வேண்டும்?

அடுத்தது அவசரம். அதே குற்றி 60 அங்குலம் பருக்கும் வரை விட்டுவைத்தால் 31 கன அடி. சுற்றளவு கால்வாசிதான் கூடியது, மரம் பாதிக்கு மேல் கூடிவிட்டது. பருத்த குற்றிக்குக் கன அடி விலையும் கூட. இலாபம் கடைசி வருடங்களில் இருக்கிறது. அந்த வருடங்களைத்தான் நாம் வெட்டி எறிகிறோம்.

"காத்திருக்க வசதி வேண்டுமே" என்பீர்கள். சரிதான். அந்த வசதி மரத்துக்குக் கீழேதான் இருக்கிறது. காணி முழுக்க மரத்தை நட்டுவிட்டு "இது பேங்க் காசு" என்று இருப்பவருக்கு இடையில் ஒரு சதமும் வராது. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கோடாரிதான். கண்டி, மாத்தளைப் பக்கத்துப் பழைய தோட்டங்களைப் பாருங்கள். மிளகு, கோப்பி, கராம்பு, பாக்கு, பலா எல்லாம் ஒரே வளவில். மிளகு மூன்று நாலு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். அது வீட்டுச் செலவைப் பார்க்கும், மரம் தன்பாட்டில் பருக்கும்.

நிழலுக்கும் விலை உண்டு. நெருக்கி நட்டால் மிளகு காய்க்காது. எல்லையோரமாக இடைவிட்டு நட்டு, பக்கக் கொப்புகளைக் காலத்துக்குக் காலம் வெட்டினால் கீழே வெளிச்சம், மேலே முடிச்சுக் குறைந்த நேர் மரம். பலா, ஈரப்பலா வெட்ட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். "பேமிட்டை நாங்கள் பார்க்கிறோம்" என்று சொல்லி விலையில் கழிக்க விடாமல், பிரதேச செயலகத்தில் நாமே விசாரிப்போம்.

மரம் நட்டால் நன்மை என்று ஜும்ஆவில் கேட்கிறோம். அளவையில் குறை வைக்கக் கூடாது என்பதும் மார்க்கம்தான். ஆனால் அளக்காமலே கொடுத்துவிட்டு முதலாளியை மட்டும் ஏசி என்ன பயன்?

இந்த லீவில் பிள்ளையோடு வளவுக்கு இறங்குங்கள். தையல் டேப்பே போதும். ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை முதலாளி தொகை சொல்லும்போது, நம் கையிலும் ஒரு கணக்கு இருக்கட்டும்.