சீர் வேறு, பங்கு வேறு!



மார்கழிக் கடைசியில் தென்காசிக் கடைவீதியைப் பாருங்கள். கரும்பு, மஞ்சள் குலை, வாழைத்தார், பச்சரிசி, வெல்லம், பானை என்று வாங்கிக்கொண்டு, கட்டிக்கொடுத்த தங்கை வீட்டுக்குப் பொங்கல்படி கொண்டு செல்கிறார்கள் இந்துச் சகோதரர்கள். பொங்கலுக்கு மறுநாள் கனு. உடன்பிறந்தவன் நன்றாயிருக்க வேண்டுமென்று மஞ்சள் இலையில் சோறு வைப்பது சில குடும்பத்துப் பெண்களின் வழக்கம். அதற்கடுத்த நாள் குற்றாலத்தில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். வடநாட்டில் இதே பாசத்துக்கு ஆவணிப் பௌர்ணமியில் ராக்கி கட்டுகிறார்கள்.

வழிபாடு அவர்களுடையது. உடன்பிறந்த பாசம் எல்லோருக்கும் பொது. நாமும் பெருநாளுக்குச் சேலையும் பணமும் கொடுத்தனுப்பத் தவறுவதில்லை.

ஆனால் வியாபாரிகளே! இளைஞர்களே! ஒரு கேள்வி. தகப்பனார் மவ்த்தான பிறகு கடையும் வீடும் தோப்பும் யார் பெயருக்குப் போயின?

"நகை போட்டுக் கட்டிக்கொடுத்து விட்டோமே" என்கிறோம். வாரிசுரிமை பிறப்பது மரணத்துக்குப் பிறகு. கல்யாணச் செலவு எப்படி அதற்கு ஈடாகும்? "அவளே வேண்டாமென்று கையெழுத்துப் போட்டாள்" என்கிறோம். பங்கு எவ்வளவு என்று அவளிடம் சொன்னோமா? பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே என்ற பயத்தில் போட்ட கையெழுத்து மனமுவந்து விட்டுக்கொடுத்ததாகுமா?

கணக்கு கடினமில்லை. தாயும் ஒரு மகனும் ஒரு மகளும் மட்டுமே வாரிசுகள். கடனும் மரண சாசனமும் போக மிச்சம் 24 லட்சம் என்றால் தாய்க்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். மகனுக்கு 14, மகளுக்கு 7. அன்னிஸா அத்தியாயம் வகுத்த பங்கு இது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்தது. 1949இல் சென்னை மாகாணத் திருத்தம் அதையும் சேர்த்துவிட்டது. ஆகவே வயலிலும் அவளுக்குப் பங்குண்டு.

பூர்வீகச் சொத்தில் இந்து மகளுக்குச் சமபங்கு தரும் சட்டம் தமிழகத்தில் 1989இல் வந்தது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. "எங்களுக்கு 1400 ஆண்டுகளுக்கு முன்பே உண்டு" என்று நாம் மேடையில் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமை பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஏன் காணாமல் போகிறது?

சீர் நம் அன்பு. பங்கு அவள் உரிமை. அன்பைக் காட்டி உரிமையை மறைப்பது அநீதி. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, பிறகு சேலை வாங்கிக்கொண்டு போங்கள். அந்தச் சேலைக்கு அப்போதுதான் மதிப்பு!