உறையை யார் பிரிப்பது?

மதிப்பிற்குரிய மத்திய தொழிலாளர், வேலைவாய்ப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபத்தாறு வருடம் பர்சனல் ஆபீஸராகக் குப்பை கொட்டியவன் நான். கடைசிக் காலத்தில் அந்த வேலைக்கு எச்.ஆர். என்று பெயர் மாறியது, மேசை மாறவில்லை. அந்த மேசைக்கு வருடா வருடம் வந்துசேர்ந்த ஒரு பழுப்பு உறையைப் பற்றித்தான் இந்த மடல்.

2025 நவம்பர் 21ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தபோது, 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவச மருத்துவப் பரிசோதனை என்று அறிவித்தீர்கள். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். எங்கள் ஆட்களில் பலர் தம் கைக்காசைப் போட்டு ரத்தம் பார்த்துக்கொள்கிற ஜாதி இல்லை. செலவு முதலாளியுடையது என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டீர்கள். ரிப்போர்ட் யாருடையது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்லுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் உங்கள் சட்டத்துக்குப் பல வருடம் முன்பே மெடிக்கல் கேம்ப் நடந்தது. ஆயுத பூஜை முடிந்த வாரம், கேன்டீன் மேசைகளை ஒதுக்கி வெள்ளைத் துணி விரித்து லேப் ஆட்கள் உட்காருவார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தவருக்கு இரண்டு இட்லி, ஒரு வடை, காப்பி. கூடவே ஒரு படிவம்: சிகரெட் உண்டா, குடி உண்டா, புகையிலை போடுவீர்களா, எத்தனை வருடமாக. பத்து நாள் கழித்து உறை வரும். அதில் ஆளுக்கொரு பிரதியெல்லாம் கிடையாது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே எக்ஸெல் ஷீட், டோக்கன் நம்பர் வாரியாக. சுகர் 200ஐத் தாண்டினால் சிவப்பு, பிரஷர் ஏறியிருந்தால் மஞ்சள். கடைசியில் ‘பழக்கம்’ என்று ஒரு கட்டம். லேப்காரர்களிடம் சொல்லி அந்தக் கட்டத்தைச் சேர்க்க வைத்தது நான்தான். மேலிடம் கேட்டது, சேர்த்தேன்.

வெல்டிங் செக்‌ஷனில் ஒருவர் இருந்தார். நாற்பத்து நாலு வயது, காண்ட்ராக்டில் எட்டு வருடம். பெயர் வேண்டாம், டோக்கன் நம்பர் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு வருட கேம்பில் அவருக்கு வெறும் வயிற்றுச் சுகர் 286. மார்ச்சில் காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் லிஸ்டோடு அந்த ஷீட்டையும் மேனேஜர் முன்னால் வைத்தேன். சிவப்புக் கட்டத்தின் மேல் அவர் பேனாவால் இரண்டு தட்டுத் தட்டினார். “மயக்கம் போட்டு விழுந்தா யாருங்க பதில் சொல்றது?” நியாயமான கேள்வியாகத்தான் அப்போது பட்டது. எட்டு வருடத்தில் அந்த மனிதர் ஒருநாள்கூட மயங்கி விழுந்ததில்லை என்று நான் வாய் திறக்கவில்லை.

அவர் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாத சேதிக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரமாகும்? அடுத்த வருடக் கேம்பில் கேன்டீன் பாதி காலி. ஷிப்டை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு, ஊரில் சாவு என்று லீவு போட்டவர்கள் உண்டு. வந்தவர்கள் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஹான்ஸ் புகையிலையை அடக்கிக்கொண்டே ஒருவர் ‘இல்லை’யில் டிக் அடித்ததைப் பார்த்தேன். மெயின்டனன்ஸில் ஒருவர் இன்சுலின் குப்பியை ஈரத்துணியில் சுற்றி, சாப்பாட்டுக் கேரியரின் அடித்தட்டில் வைத்து எடுத்துவருவார். மத்தியானம் கழிப்பறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ஊசி போட்டுக்கொள்வார். கேன்டீனில் ஃப்ரிட்ஜ் இருந்தது. அதில் வைத்தால் சாயங்காலத்துக்குள் எனக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் அவர் பயம். நோயைப் பிடிக்கப் போட்ட கேம்ப், நோயை ஒளிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

முதலாளி எதையுமே கேட்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ரயில் ஓட்டுபவர் ஊதிக்காட்டிவிட்டுத்தான் இன்ஜினில் ஏறுகிறார். விமானி, பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் மதுவைத் தொடக் கூடாது. கிரேன் ஆபரேட்டர் ஒருவரைக் கேட்டில் வைத்தே வாடை பார்த்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், இன்றைக்கும் அனுப்புவேன். அவர் கொக்கியில் தூக்குகிற நாலு டன் இரும்புக்குக் கீழே ஆட்கள் நிற்கிறார்கள். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு பீடி பிடித்தால் அதில் எனக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது என்று நினைக்கிற அரசுகளும் உண்டு. 2020 டிசம்பரில் ஜார்க்கண்ட் அரசு, தன் ஊழியர்களும் அரசு வேலைக்கு வருபவர்களும் அலுவலகத்திலும் வெளியிலும் புகையிலை தொடமாட்டோம் என்று உறுதிப்பத்திரம் தர வேண்டும் என்றது. 2021 ஏப்ரல் 1 முதல் அமல் என்று நாளும் குறித்தது. ‘வெளியிலும்’ என்ற அந்த ஒரு சொல்தான் எனக்கு இடிக்கிறது. அலுவலகத்துக்குள் கூடாது என்பதில் யாருக்கும் வழக்கு இல்லை. பக்கத்து நாற்காலிக்காரரின் நுரையீரலும் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. தன் வீட்டுத் திண்ணையில் ஒரு குமாஸ்தா என்ன செய்கிறார் என்று யார் போய்ப் பார்ப்பது? பிடிக்காதவர் போடும் மொட்டைக் கடிதாசிதான் போய்ப் பார்க்கும். (இடையில் ஒன்று: பீடித் தொழிலாளர் நலனுக்கென்றே 1976இல் நிதிச் சட்டம் போட்ட நாடு இது, அதைக் கவனித்தது உங்கள் அமைச்சகம். திருநெல்வேலிப் பக்கம் முறத்தை மடியில் வைத்து இலையும் தூளுமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பெண்கள் அந்தத் தூளைத்தான் நாள் முழுக்க மூச்சில் இழுக்கிறார்கள். அவர்களிடம் யாரும் உறுதிப்பத்திரம் கேட்டதில்லை.)

தொழிலாளியின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் இந்த ஆசை புதியதும் இல்லை. 1914இல் ஹென்றி ஃபோர்டு நாளுக்கு ஐந்து டாலர் கூலி என்று அறிவித்தபோது, கூடவே ஒரு சமூகவியல் துறையும் வைத்தார். அதன் ஆட்கள் தொழிலாளி வீட்டுக்கே போய்க் குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு சுத்தமா என்று விசாரிப்பார்கள். தேறாதவனுக்கு முழுத் தொகை கிடையாது. இப்போது வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டிய தேவையே இல்லை, சிறுநீர்க் குப்பி போதும். நிகோடின் உடம்பில் கோட்டினினாக மாறிச் சில நாள் தங்கும். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் 2007இல் அதைச் சோதித்துப் புகைப்பவரை வேலைக்கு எடுப்பதை நிறுத்தியது. அதே அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இப்படி ஆளைத் தள்ளக் கூடாது என்று சட்டமும் வைத்திருக்கின்றன. ஜப்பான் இன்னொரு தினுசு. 2008 முதல் 40 முதல் 74 வயதுவரை இடுப்புச் சுற்றளவை அளக்கிறார்கள். ஆணுக்கு 85 செ.மீ., பெண்ணுக்கு 90. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அங்கே அளவு மீறினால் தண்டம் கட்டுவது காப்பீட்டு அமைப்பு. இடுப்புக்குச் சொந்தக்காரர் இல்லை. அவருக்கு ஆலோசனை மட்டும்தான்.

பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள். ஹான்ஸ் போடுகிறவர்களிடம் ஏன் என்று கேட்டிருக்கிறேன். “மூணு மணிக்குக் கண்ணு சொக்கும் சார். இது இருந்தா கை மெஷினுக்குள்ள போகாது” என்றார் பிரஸ் ஷாப்காரர் ஒருவர். தூக்கத்தைத் திருடியது எங்கள் நைட் ஷிப்டு, கணக்கில் ஏறியது அவர் கெட்ட பழக்கமாக. உற்பத்திக்கு உதவுகிற பழக்கம் என்றால் நிர்வாகங்களே கையில் கொடுத்ததும் உண்டு. தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்கள் கொடுத்ததை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன், ஏறக்குறைய நூறு பெண்களிடம் பேசி வெளியிட்டது. வலி போனால் போதும், லீவு எடுக்காமல் தையல் ஓடும்.

சட்டத்தில் பாதுகாப்பு இல்லையா என்பீர்கள். இருந்தது சுருங்குகிறது. 2011ஆம் வருடத்துத் தகவல் தொழில்நுட்ப விதிகள் உடல்நிலையையும் மருத்துவப் பதிவுகளையும் கூருணர்வுத் தகவல் என்று தனியாக வைத்தன. 2023ஆம் வருடத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. அதன் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காகவும் முதலாளிக்கு நட்டமோ பொறுப்போ வராமல் தடுக்கவும் ஊழியரின் தகவலைச் சம்மதம் கேட்காமலே கையாள இடம் கொடுக்கிறது. “மயக்கம் போட்டு விழுந்தா யாருங்க பதில் சொல்றது?” என்ற கேள்வியைச் சட்டத்தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படித்தான் வரும்.

வழி தெரியாமலும் இல்லை. 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம், எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக மட்டும், வேலை செய்யத் திராணி உள்ள ஒருவரைத் தள்ளக் கூடாது என்றது. அந்த வேலையை அவரால் செய்ய முடிகிறதா, மற்றவருக்கு அவரால் ஆபத்து உண்டா என்பதைத்தான் பார்க்கச் சொன்னது. 2017இல் வந்த எச்.ஐ.வி. சட்டம், வேலைக்கு முன்நிபந்தனையாக அந்தச் சோதனை செய்வதையே தடுத்தது. அந்த நோய்க்குக் கொடுத்த மரியாதையைச் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் கொடுப்பதில் என்ன சிரமம்?

நான் கேட்பது விதிகளில் நாலு வரி. ரிப்போர்ட் ஒட்டிய உறையில் தொழிலாளி கைக்கே போகட்டும். முதலாளிக்கு டாக்டர் எழுத வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த ஆள் இந்த வேலைக்கு உகந்தவரா, இடம் மாற்ற வேண்டுமா. எண்கள் வேண்டாம், நோயின் பெயரும் வேண்டாம். பழக்கங்களைப் பற்றி டாக்டர் தனியாகக் கேட்கட்டும், தாராளமாகத் திட்டட்டும். அந்தக் கட்டம் மட்டும் எச்.ஆர். மேசைக்கு வர வேண்டாம். வேலை நேரத்துக்கு வெளியே ஒருவர் குடிப்பதையும் புகைப்பதையும் வைத்து ஆளைக் கழித்தால், கழித்தவர் பதில் சொல்லட்டும். கொசுறாக, கேன்டீன் ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு.

அந்த வெல்டர் வேலை போய் இரண்டு வருடம் கழித்து எனக்குப் போன் செய்தார். காலில் புண் ஆறாமல் அரசு மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். எப்போதிருந்து சுகர் என்று டாக்டர் கேட்கிறாராம். “நமக்கு அதெல்லாம் இருந்ததே தெரியாது சார். நம்ம கேம்ப்ல எடுத்த ரிப்போர்ட் ஏதாச்சும் கெடைக்குமா?” என்றார்.

பழைய ஷீட்டைத் தேடவே வேண்டியிருக்கவில்லை.

“286” என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “எப்ப சார்?” என்று கேட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பர்சனல் ஆபீஸர் ஒருவன்,
அம்பத்தூர்