மரச்சீனி என்று பேசவிடுங்கள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களில் ஒளிப்பதிவுக்குத் திட்டம் இருக்கிறது. படத்தொகுப்புக்கு நாள் குறிக்கப்படுகிறது. வாடகைக் கேமராவுக்கும் டிரோனுக்கும் படக்குழுவின் மதியச் சோற்றுக்கும் தாளில் கணக்கு இருக்கிறது. பாத்திரங்கள் எந்த மொழியில் பேசும் என்பதற்கு மட்டும் திட்டம் கிடையாது. அது கடைசி இரவில், மொழிமாற்றுக்கூடத்தில், யார் குரல் கிடைக்கிறதோ அவருடைய மொழியில் முடிவாகிறது. இந்த வழக்கம் தவறு என்பதும், இது சோம்பலால் மட்டும் நேர்வதில்லை என்பதும், இதற்குப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களும் பரிசளிக்கும் நடுவர்களும் பொறுப்பு என்பதும் என் வாதம். மொழியியல் படித்தவன் என்ற முறையில் இதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். குளத்தூர், நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடி ஊராட்சிகளில் ஒன்று. உச்சக்கடையும் பொழியூர்க் கடற்கரையும் இதைச் சேர்ந்தவை. கரையோரமாகத் தெற்கே நடந்தால் நீரோடியும் கொல்லங்கோடும் வந்துவிடும். அவை கன்னியாகுமரி மாவட்டம், வேறு மாநிலம். அந்த எல்லையின் வயது அதிகமில்லை. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கையின் வழியே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லையை வரைந்தவர்கள் வட்டங்களை அலகாகக் கொண்டார்கள். பேச்சு வட்டாட்சியர் அலுவலகத்தின் எல்லையில் நிற்பதில்லை. களியக்காவிளைச் சந்தையில் இரு பக்கத்தாரும் பேசும் பேச்சை மொழியியலார் கிளைமொழித் தொடர்ச்சி என்பார்கள். அங்கே எந்த இடத்தில் தமிழ் முடிந்து மலையாளம் தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். மத்திய, வட கேரளம் 'கப்ப' என்றும் 'பூள' என்றும் சொல்லும் கிழங்கைத் தமிழகத்தின் பெரும்பகுதி மரவள்ளி என்கிறது. எல்லையின் இரு பக்கத்திலும் அதற்கு மரச்சீனி என்று பெயர். கேரளத்தின் வடபகுதி மத்தி என்று சொல்லும் மீன் இங்கே சாளை. தமிழகத்தின் பிற பகுதிகள் பதநீர் என்பது இங்கே அக்கானி. இந்த மூன்று சொற்களையும் ஒரு கிழவி ஒரே மூச்சில் சொல்வாள். அவளிடம் அது தமிழா மலையாளமா என்று கேட்டால், கேள்வியே அவளுக்கு விளங்காது. ஆனால் அவளைப் பாத்திரமாக்கும் மாணவர் குறும்படம் மலையாளப் போட்டிக்குப் போவதானால் மரச்சீனி கப்பவாகிவிடுகிறது. தமிழ்ப் போட்டிக்குப் போவதானால் மரவள்ளியாகிவிடுகிறது. இரண்டிலும் கிழவியின் முகம் மட்டும் மிஞ்சுகிறது, வாய் வேறொருவருடையது.

இதற்கு வழக்கமாகத் தரப்படும் காரணங்கள் மூன்று. ஒவ்வொன்றையும் நேராகவே எதிர்கொள்ளலாம்.

முதற்காரணம், 'வெளியூரில் யாருக்கும் புரியாது' என்பது. 1948இல் லுக்கினோ விஸ்கோந்தி சிசிலியின் ஆச்சி திரேத்சா என்ற மீனவக் கிராமத்தில் 'லா தெர்ரா திரேமா' படத்தை எடுத்தார். நடித்தவர்கள் அவ்வூர் மீனவர்கள். பேசியது அவர்களுடைய சிசிலிப் பேச்சு. அது இத்தாலியின் பிற பகுதியினருக்கே புரியாது என்பதால் இத்தாலிய மொழியில் பின்னணி விவரிப்பைச் சேர்த்தார். புரியாமை என்ற சிக்கலுக்கு அவர் கண்ட விடை, மக்களின் பேச்சை அழிக்காமல் அதன் பக்கத்தில் இன்னொன்றை வைப்பது. அப்போது அதற்குச் செலவு இருந்தது. இன்று துணைவரிக்கு ஒரு மடிக்கணினியும் இரண்டு இரவுகளும் போதும். துணைவரியோடு கொரியப் படத்தையும் ஈரானியப் படத்தையும் பார்த்து வியக்கும் அதே வகுப்பறையில், பொழியூர்க்காரரின் பேச்சு புரியாது என்று சொல்வதில் நேர்மை இல்லை.

நம் நாட்டிலேயே சான்று உண்டு. புணே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தின் மாணவர் சிதானந்த நாயக் இயக்கிய கன்னடக் குறும்படம் 2024இல் கான் விழாவின் மாணவர் பிரிவில் முதற்பரிசு பெற்றது. சேவலைத் திருடிப் பொழுதை விடியாமற் செய்துவிடும் கிழவியின் நாட்டார் கதை அது. கேரளத்தின் வடகோடிக்குப் போனால், சென்ன ஹெக்டே காஞ்ஞங்ஙாட்டில் அவ்வூர்ப் பேச்சிலேயே எடுத்த 'திங்களாழ்ச்ச நிச்சயம்' சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. காசர்கோட்டுப் பேச்சு அதில் கேலிப்பொருளாக வரவில்லை. ஒரு வீட்டின் கோபமும் பயமும் பிடிவாதமும் அந்தப் பேச்சிலேயே வெளிப்பட்டன. வடகோடிக்கு வாய்த்த மரியாதை தென்கோடிக்கு ஏன் வாய்க்கவில்லை?

இரண்டாங்காரணத்தில் அதற்கு விடை இருக்கிறது. 'இந்தப் பேச்சு வந்தாலே அரங்கில் சிரிப்பு வந்துவிடும், உருக்கமான காட்சி கெட்டுப்போகும்' என்கிறார்கள். சிரிப்பு வருவது உண்மை. அதைப் பழக்கியது யார்? மலையாள வெகுசனப் படங்களிலும் பலகுரல் மேடைகளிலும் தென் திருவிதாங்கூர்ப் பேச்சு நகைச்சுவைக்கு ஒதுக்கப்பட்டது. 2005இல் வந்த 'ராஜமாணிக்யம்' அந்தப் பேச்சைப் பெருவெற்றியாக்கியது. கூடவே அதைச் சிரிப்பின் முத்திரையாகவும் உறுதிப்படுத்தியது. தமிழ்ப் படங்களும் நாகர்கோவில் பேச்சைப் பெரும்பாலும் துணைப்பாத்திரத்தின் வேடிக்கையாகவே வைத்திருக்கின்றன. ஒரு வட்டாரத்தார் காதலிப்பதையும் சாவுக்கு அழுவதையும் அவர்கள் பேச்சில் திரை காட்டாவிட்டால், பார்வையாளர் அந்தப் பேச்சைக் கேட்டதும் சிரிக்கத்தான் செய்வார். சிரிப்புக்குப் பயந்து மாணவர் அதைத் தவிர்த்தால், சிரிப்பு இன்னொரு தலைமுறைக்கு நீள்கிறது. பெரிய படங்களுக்கு முதலீட்டின் அச்சம் உண்டு. மாணவர் படத்துக்கு அந்த அச்சம் இல்லை. பழக்கத்தை உடைக்கச் செலவில்லாமல் கிடைக்கும் இடம் அதுதான்.

மூன்றாங்காரணம் என் தரப்பிலிருந்தே வருவது. ஆகவே அதை இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டும். தமிழ் உணர்வுள்ள நண்பர்கள் சிலர், எல்லைத் தமிழை அப்படியே காட்டுவது அவமானம், அது மலையாளம் கலந்து கெட்ட தமிழ், பாத்திரங்களை நல்ல தமிழ் பேசவைப்பதே மொழிக்குச் செய்யும் தொண்டு என்கிறார்கள். 'அம்மாச்சி பறஞ்சது எனக்கு மனசிலாச்சு' என்ற வாக்கியத்தில் அவர்கள் முதலில் வெட்டுவது 'பறஞ்சது' என்ற சொல்லை. பறைதல் என்றால் சொல்லுதல் என்பது பழந்தமிழ் இலக்கியத்தில் உள்ள பொருள். யாழ்ப்பாணத்தில் இன்றும் பறைகிறார்கள். நமது பாடநூல் தமிழ் கைவிட்ட சொல்லை இந்த மக்கள் வைத்திருக்கிறார்கள்; அதைக் கலப்பு என்று அவர்களிடமே சொல்கிறோம். வாக்கியத்தின் ஈற்றில் நிற்கும் 'ஆச்சு' தமிழ் வினைமுற்று. இலக்கணம் அங்கே உயிரோடுதான் இருக்கிறது. இந்தப் பேச்சைத் திருத்தி எழுதும் தமிழ்ப்பற்றுக்கும், இதை அடியோடு நீக்கும் மலையாளத் திரைக்கதைக்கும், பேசுகிறவர்கள் பக்கமிருந்து பார்த்தால், பெரிய வேறுபாடு தெரியவில்லை.

இவ்வளவும் அழகியல் குறித்த மனத்தாங்கல் என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. இந்தக் கடற்கரைக்கு மாணவர்கள் பெரும்பாலும் கடலரிப்பையும் கடற்சாவையும் பற்றிப் படம் எடுக்கவே வருகிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளிலிருந்து கடலுக்குப் போனவர்களைக் கொண்டுபோனது. அதைப் பற்றிப் பேசும் ஒரு பெண்ணின் சொற்கள் சாட்சியம். அந்தச் சாட்சியத்தை 'தெளிவாக' வேறொரு குரலில் மாற்றிப் பேசவைப்பது, நீதிமன்றத்தில் ஒருவருடைய வாக்குமூலத்தை எழுத்தர் தன் நடையில் திருத்தி எழுதுவதைப் போன்றது. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரிக் குழுவின் படத்தில் கரையோரப் பெண் ஒருவரின் பேச்சு இப்படியே மாற்றப்பட்டது. திரையிட்டபோது அவர் பொறுமையாகப் பார்த்தார். முடிந்ததும், 'நான் இப்படியா பறஞ்சேன்?' என்று மட்டும் கேட்டார். குழுவினரிடம் பதில் இல்லை.

எல்லையில் இத்தகைய அழிப்பு புதிதும் அன்று. மலையாளத்தின் முதற்படமான 'விகதகுமாரன்' வெளிவந்தது 1928இலா 1930இலா என்ற விவாதம் தொடர்கிறது. அதை எடுத்த ஜே. சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். நிலத்தை விற்றுப் படம் எடுத்தார். நொடித்துப் பல் மருத்துவராகப் பிழைத்து 1975இல் அகஸ்தீஸ்வரத்திலேயே இறந்தார். அப்படத்தில் நடித்த தலித் பெண் பி. கே. ரோசி, நாயர்ப் பெண்ணாக நடித்ததற்காகத் தாக்கப்பட்டுத் திருவனந்தபுரத்தைவிட்டு ஓடித் தமிழ்ப் பகுதியில் அடையாளம் மறைத்து வாழ நேர்ந்தது. டேனியலின் பெயரால் கேரள அரசு 1992 முதல் தன் உயரிய திரைவிருதை வழங்குகிறது. அவர்களுடைய படம் ஊமைப்படம். அதில் யாருடைய பேச்சும் பதிவாகவில்லை. ஒலிக்கருவி ஒவ்வொரு மாணவர் சட்டைப்பையிலும் இருக்கும் காலத்திலும் இம்மண்ணின் பேச்சைப் பதிவுசெய்யாமல் விடுவதற்கு நம்மிடம் என்ன காரணம் இருக்கிறது?

குறை சொல்வதோடு நிறுத்தினால் இது வெறும் புலம்பல். ஆகவே, திட்டத் தாளில் மொழிக்கு எங்கே இடம் என்று சொல்கிறேன்.

படப்பிடிப்புக்கு இடம் பார்க்கப் போகும் நாளிலேயே காது கொடுக்கப் போக வேண்டும். ஒளிப்பதிவாளர் வெளிச்சத்தைக் குறிப்பதுபோல, குழுவில் ஒருவர் பேச்சைக் குறிக்க வேண்டும். கருவியைக் கண்டதும் மக்கள் 'அச்சடித்த' பேச்சுக்கு மாறிவிடுவார்கள். இயல்பான பேச்சைக் கேட்கப் போகும் ஆய்வாளரின் இருப்பே அந்த இயல்பைக் கலைக்கிறது என்ற முரணை வில்லியம் லபோவ் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் கண்ட வழிகளில் ஒன்று, உயிர் போய்விடும் என்று அஞ்சிய தருணத்தைப் பற்றிக் கேட்பது. சொல்கிறவர் கதையில் மூழ்கித் தன் பேச்சைக் கவனிக்க மறந்துவிடுவார். ஒக்கி கடந்த கரையில் அந்தக் கேள்வியை உத்தியாகப் பயன்படுத்துவது கொடுமை. இங்கே மீன் விலையும் கால்பந்தும் போதும். பொழியூரில் கால்பந்தைப் பற்றிக் கேட்டால் யாரும் பாடநூல் மொழியில் பதில் சொல்வதில்லை.

அடுத்து உரையாடல். மேசையில் எழுதிக் கொண்டுபோய் ஒப்புவிக்கச் சொல்லக் கூடாது. காட்சியின் சூழலைச் சொல்லி, நடிப்பவரையே பேசவிட்டு, அதைப் பதிந்து, அதிலிருந்து எழுத வேண்டும். ஒலியைப் படப்பிடிப்பிலேயே பிடிக்க வேண்டும். கடற்காற்று கெடுக்கும் என்றால் காற்றுறை போட்ட சிறு ஒலிவாங்கியைச் சட்டைக்குள் பொருத்தலாம். அல்லது காட்சி முடிந்தவுடன் அதே இடத்தில், காற்று மறைவில், அதே ஆளின் குரலை மறுபடி பதியலாம். டிரோனுக்குக் கொடுக்கும் ஒருநாள் வாடகையில் ஒலிக்கு வேண்டியது பெரும்பாலும் அடங்கிவிடும். துணைவரியை மொழித்துறை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் பெயரையும் தலைப்பட்டியலில் போடலாம். இறுதி வடிவத்தைப் பேசியவர்களுக்கு முதலில் காட்டி, ஒப்புதல் பெற்ற பிறகே வெளியில் அனுப்ப வேண்டும்.

ஆசிரியர்களிடமும் நடுவர்களிடமும் கேட்பவை மூன்று. போட்டிப் படிவத்தில் 'மொழி' என்ற கட்டத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதை விடுங்கள். பாத்திரங்கள் என்ன பேசுகின்றனவோ அதை எழுத இடம் கொடுங்கள். மதிப்பெண் பட்டியலில் ஒளிப்பதிவுக்கும் தொகுப்புக்கும் இருப்பதுபோலப் பேச்சுக்கும் ஒரு வரி சேருங்கள். மொழிமாற்றம் செய்த படம் வந்தால், ஏன் செய்தீர்கள் என்று மாணவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். தகுந்த காரணம் இருந்தால் மதியுங்கள். இல்லாவிட்டால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

ஒன்றை மட்டும் எதிர்பார்த்தே சொல்லிவைக்கிறேன். இதைப் படித்துவிட்டு, வட்டார வழக்கை வாசனைத் திரவியம்போல நாலு இடத்தில் தெளித்து 'மண்வாசனைப் படம்' எடுக்கக் கிளம்புவோர் இருப்பார்கள். அதுவும் வேண்டாம். பேச்சு அலங்காரமாக வரும்போது மக்கள் மறுபடியும் வேடிக்கைப் பொருளாகிவிடுகிறார்கள். கதையின் முடிச்சு அந்தப் பேச்சுக்குள் இருக்கட்டும்: பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று வளரும் குழந்தையின் தயக்கம், எல்லைக்கு அப்பால் மணமுடித்துப் போனவளைப் புகுந்த வீட்டார் கேலி செய்வது, அரசு அலுவலகத்தில் தன் பேச்சை மாற்றிக்கொள்ளும் மீனவரின் திணறல். தாய்மொழியில் தொடக்கக்கல்வி பெறும் வசதியை மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு அளிக்குமாறு அரசியலமைப்பின் 350ஏ பிரிவு மாநிலங்களைக் கேட்கிறது. எல்லைக் குழந்தையின் தாய்மொழி எது என்ற கேள்விக்குச் சட்டத்தாலோ கணக்கெடுப்பாலோ விடை சொல்லிவிட முடியாது. பதினைந்து நிமிடப் படம் ஒன்று அந்தக் கேள்வியையாவது அந்தக் குழந்தையின் சொற்களிலேயே கேட்க முடியும். இந்தப் பருவத்தின் செயல்திட்டத்துக்குக் கதை தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.