தடை போடும் முன் பதிவைப் பாருங்கள்

போன கோடை விடுமுறையில் நான் ஒரு பத்து வயதுப் பையனுக்கு அநியாயம் செய்துவிட்டேன். கம்ப்யூட்டர் விளையாட்டில்தான். இருந்தாலும் அநியாயம் அநியாயம்தானே?

என் அக்கா மகளும் அவளுடைய பள்ளித் தோழர்கள் ஆறேழு பேரும் சேர்ந்து விளையாட, என் வீட்டுக் கம்ப்யூட்டரில் மைன்கிராப்ட் சர்வர் ஒன்றை அமைத்துக் கொடுத்திருந்தேன். இந்த விளையாட்டு 2009-ல் முதன்முதலில் வெளிவந்தது. 2011-ல் முழுப் பதிப்பு வந்தது. மண், மரம், கல் என்று கட்டிகளை வெட்டி எடுத்து, அவற்றை அடுக்கி வீடு, பாலம், கோட்டை என எதை வேண்டுமானாலும் கட்டலாம். பலர் ஒரே உலகில் சேர்ந்து கட்டுவதுதான் இதன் சுவை. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. ஒருவர் நாள் கணக்கில் கட்டியதை இன்னொருவர் இரண்டே நிமிடத்தில் வெடி வைத்துத் தகர்க்கலாம், தீ வைக்கலாம். இப்படி அடுத்தவர் உழைப்பை வேண்டுமென்றே கெடுப்பதற்கு 'கிரீபிங்' என்று பெயர்.

ஒரு நாள் காலையில் அக்கா மகளின் மர வீடு எரிந்து கிடந்தது. முந்தின இரவு கடைசியாக சர்வரில் இருந்தவன் அந்தப் பையன். குறும்புக்காரன் என்று ஏற்கெனவே பெயர் எடுத்தவன். நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. 'பேன்' கட்டளையைக் கொடுத்து அவனை வெளியே தள்ளிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, வீட்டைத் திரும்பக் கட்டுவதற்காக, பேக்கப்பில் இருந்த பழைய உலகத்தைத் தனியாகத் திறந்து பார்த்துக் கொண்டிருந்தோம். எங்கள் கண் எதிரிலேயே கூரை பற்றிக் கொண்டது! குளிர் காய்வதற்கு என்று அவளே வீட்டுக்குள் எரிமலைக் குழம்பை ஊற்றி வைத்திருந்தாள். மைன்கிராப்டில் எரிமலைக் குழம்பு பக்கத்தில் உள்ள மரத்தைத் தானாகவே பற்ற வைத்துவிடும்.

'பார்டன்' கட்டளை கொடுத்துத் தடையை நீக்கினேன். போனில் மன்னிப்பும் கேட்டேன். பையன் திரும்பி வந்தான். ஆனால் மற்றவர்கள் வீட்டுப் பக்கம் அவன் போவதே இல்லை. தூரத்தில் தனியாக ஒரு குடிசை போட்டுக் கொண்டான்.

"பிள்ளைகள் விளையாட்டுக்கு இவ்வளவு விசாரணையா? கெடுப்பவனை உடனே விரட்டாவிட்டால் நல்லவர்கள் போய்விடுவார்களே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உடனே நிறுத்துவதற்கு 'கிக்' கட்டளை இருக்கிறது. அது ஆளை அப்போதைக்கு மட்டும் வெளியேற்றும். 'பேன்' அப்படியல்ல. அந்தக் கட்டளைக்குக் கால அளவு கிடையாது. நீங்களாக நீக்கும் வரை தடை நிற்கும். அவசரத்துக்கு முதலாவது, விசாரணைக்குப் பிறகே இரண்டாவது என்பது என் கருத்து.

விசாரிக்க ஆதாரம் வேண்டும். மைன்கிராப்டுடன் வரும் சாதாரண சர்வர் புரோகிராம், எந்தக் கட்டியை யார் உடைத்தார் என்று குறித்து வைப்பதில்லை. ஜாவா பதிப்புக்கான 'பேப்பர்' என்ற சர்வர் புரோகிராமில் 'கோர்புரொடெக்ட்' என்ற இணைப்பு நிரலைப் போட்டுக் கொண்டால், யார், எப்போது, எதை வைத்தார், எதை உடைத்தார் என்பதெல்லாம் பதிவாகும். குறிப்பிட்ட ஒருவர் செய்த மாற்றங்களை மட்டும் பின்னோக்கித் திருப்பவும் முடியும். ஆனால் போட்ட நாளிலிருந்துதான் அது பதிவு செய்யும். ஆகவே முதல் நாளே போட்டுவிடுங்கள்.

விதிகளையும் முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிட வேண்டும். 2010 முதல் நடந்துவரும் '2பி2டி' என்ற சர்வரில் விதி என்பதே கிடையாது. அங்கே உடைப்பதும் விளையாட்டில் சேர்த்திதான். உங்கள் சர்வரில் எது குற்றம் என்று சொல்லாமலே தண்டிப்பது முறையாகாது.

ஐ.பி. முகவரியைத் தடுக்கும் கட்டளையை முடிந்தவரை தொடாதீர்கள். மொபைல் இணைப்புகளில் ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்து கொள்வது சாதாரணம். ஒருவனைத் தடுக்கப் போய், சம்பந்தமே இல்லாத இன்னொருவனும் வெளியே நிற்பான்.

குற்றம் உறுதியானாலும் எடுத்த எடுப்பில் நிரந்தரத் தடை வேண்டாம். கெட்டதை முதலில் சரி செய்யுங்கள். பிறகு எச்சரிக்கை, அடுத்த முறை ஒரு வாரத் தடை. முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, அன்று மறக்காமல் நீக்குங்கள்.

கடைசியாக ஒன்று. எரிந்தது என் அக்கா மகள் வீடு; தீர்ப்புச் சொன்னவன் அவள் மாமா. இதில் நியாயம் எங்கிருந்து வரும்? இப்போது எங்கள் சர்வரில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். புகார் வந்தால், அதில் சம்பந்தப்படாத இரண்டு பிள்ளைகள் பதிவைப் பார்ப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் சொல்வதையும் கேட்பார்கள். அதன் பிறகுதான் நான் கீபோர்டைத் தொடுவேன்.

அந்த இருவரில் ஒருவனாக இருக்கும்படி, குடிசைப் பையனைக் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.